சவுக்கடி வாத்தியார்

சினிமா பார்க்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. படம் முடிந்து விளக்குப் போட்டதும் எழுந்து நின்று கைதட்டுகிறவர்கள் ஒரு ரகம். பாதிப் படத்திலேயே எழுந்து வெளியே போய்விடுகிறவர்கள் இன்னொரு ரகம். ஒரே படத்துக்கு இந்த இரண்டு ரகத்தாரும் ஒரே கொட்டகையில் இருந்தார்கள் என்றால், அந்தப் படத்தில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட ஓர் அமெரிக்கப் படத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேசப் போகிறேன். படத்தின் பெயர் 'விப்லாஷ்'. 2014-ம் வருஷம் வெளிவந்தது. 'விப்லாஷ்' என்றால் சவுக்கடி. பெயருக்கு ஏற்ற படம்தான். பார்க்கிறவர்கள் முதுகிலும் இரண்டு அடி விழுகிறது!

எங்கள் அடுத்த வீட்டு அம்மாள் இந்தப் படத்தைத் தம் வீட்டிலேயே போட்டுப் பார்த்தார். சங்கீதப் படம் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். வயலின் கற்றுக்கொள்ளும் பெண்ணையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டார். அரை மணி ஆவதற்குள் அம்மாள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். அடுப்பில் காரியம் ஒன்றும் இல்லை. அவருடைய கணவரோ கடைசி வரையில் கண் கொட்டாமல் பார்த்தார், பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படி ஒரு வாத்தியார் கிடைத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்!" என்றார்.

"போயிருப்பீர்கள், ஆஸ்பத்திரிக்கு!" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டே வாக்கியத்தில் அடங்கிய சண்டைதான் உலகம் முழுவதும் இந்தப் படத்தைப் பற்றி நடந்தது, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. யார் பக்கம் நியாயம் என்று பார்ப்போமா?

கதையைக் கேளுங்கள்

நியூயார்க் நகரத்தில் ஒரு பெரிய சங்கீதக் கல்லூரி. நிஜக் கல்லூரி அல்ல, கதைக்காகக் கட்டிய கல்லூரி. அங்கே ஆண்ட்ரூ என்கிற 19 வயதுப் பையன் டிரம்ஸ் கற்றுக்கொள்ள வந்திருக்கிறான். கைக்குழந்தையாக இருக்கும்போதே அவனைத் தாயார் விட்டுப் போய்விட்டாள். தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர், சாது. பிள்ளையும் அப்பாவும் சினிமாவுக்குப் போய்ச் சோளப்பொரி தின்பதுதான் அந்த வீட்டு உல்லாசம்.

கல்லூரியில் பிளெட்சர் என்று ஒரு வாத்தியார். மொட்டைத் தலை, கறுப்புச் சட்டை, கத்தி போன்ற பார்வை. ஜாஸ் வாத்தியக் கோஷ்டியை நடத்துகிறவர் இவர்தான். அவர் முஷ்டியை மடக்கி உயர்த்தினால் போதும். பதினைந்து வாத்தியங்களும் மூச்சை நிறுத்திவிடும். அவருடைய கோஷ்டியில் சேர்ந்துவிட்டால் ஜன்மம் சாபல்யம் ஆகிவிட்டது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள்.

ஆண்ட்ரூவுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கிறது. முதல் நாள் இடைவேளையில் வாத்தியார் பையனைத் தனியே கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, குழையக் குழையப் பேசுகிறார். உன் அப்பா என்ன செய்கிறார், அம்மா எங்கே என்று விசாரிக்கிறார். பையன் உருகிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். உள்ளே வந்து வாசிக்க ஆரம்பிக்கிறான். கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்காலி அவன் தலையை நோக்கிப் பறந்து வருகிறது!

குற்றம் என்ன? காலப்பிரமாணம் பிசகிவிட்டதாம். நீ ஓடினாயா, பின்தங்கினாயா, சொல் என்று கேட்டுக் கேட்டு, எண்ணச் சொல்லிச் சொல்லி, கன்னத்தில் அறைகிறார். பையன் கண்ணில் நீர் துளிர்த்ததும், சற்று முன்னால் அன்பாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட குடும்ப விஷயங்களையெல்லாம் எடுத்து, அத்தனை பேர் முன்னிலையில் அவன் முகத்தில் வீசுகிறார். உன் தகப்பனுக்குத் துப்பில்லை, அதனால்தான் உன் தாய் ஓடிப்போனாள் என்கிறார்.

எங்கள் அடுத்த வீட்டு அம்மாள் எழுந்து போனது இந்த இடத்தில்தான். நாற்காலியை எறிந்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டாராம். நம்பிச் சொன்னதை ஆயுதமாக்கி அடித்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பையனுக்குச் சங்கீதம் ஒரு வெறியாகிவிடுகிறது. கை கிழிந்து ரத்தம் வருகிற வரையில் சாதகம் செய்கிறான். தன்னிடம் பிரியமாக இருந்த பெண்ணை, நீ என் முன்னேற்றத்துக்குத் தடையாகிவிடுவாய் என்று சொல்லி விலக்கிவிடுகிறான். போட்டிக்குப் போகும் வழியில் அவன் கார் மீது லாரி மோதுகிறது. ரத்தம் வழிய வழிய ஓடி வந்து மேடையில் உட்காருகிறான். கை ஓடவில்லை. உன் கதை முடிந்தது என்கிறார் வாத்தியார். பையன் அவர் மேல் பாய்கிறான். கல்லூரியிலிருந்து வெளியேற்றப்படுகிறான்.

பிறகு புகார் போகிறது. வாத்தியாருக்கு வேலை போகிறது. கடைசியில் ஒரு பெரிய விழா மேடை. வாத்தியார் பையனை வாசிக்கக் கூப்பிடுகிறார். நம்பிப் போகிறான். மேடையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அது பழிவாங்கக் கட்டிய மேடை என்று. அவன் கேட்டே இராத உருப்படியை அவர் ஆரம்பித்துவிடுகிறார். பையன் அவமானப்பட்டு எழுந்து போய் அப்பாவின் தோளில் விழுகிறான். ஆனால் திரும்பி வருகிறான். வாத்தியாரின் உத்தரவுக்குக் காத்திராமல் தானே வாசிக்க ஆரம்பிக்கிறான். அப்பப்பா! அந்த வாசிப்பு! புயல், இடி, மின்னல் எல்லாம் சேர்ந்து அடித்தது போல் இருக்கிறது. வாத்தியாரின் முகம் மெள்ள மலர்கிறது. படம் அத்துடன் முடிந்துவிடுகிறது.

பரிசு மேல் பரிசு

படத்தின் டைரக்டர் டேமியன் ஷஸல். அப்போது 30 வயதுகூட ஆகாத இளைஞர். 19 நாளில் படப்பிடிப்பை முடித்துவிட்டார். 2014 ஜனவரியில் ஸண்டான்ஸ் படவிழாவில் நடுவர்களின் பெரிய பரிசும் கிடைத்தது, ரஸிகர்களின் பரிசும் கிடைத்தது. 2015-ல் மூன்று ஆஸ்கார் பரிசுகள்: வாத்தியாராக நடித்த ஜே. கே. ஸிம்மன்ஸுக்குச் சிறந்த துணை நடிகர் பரிசு. மற்ற இரண்டும் படத்தொகுப்புக்கும் ஒலிக்கலவைக்கும்.

படத்தின் பெயரே ஒரு ஜாஸ் உருப்படியின் பெயர்தான். ஹாங்க் லெவி என்பவர் இயற்றிய அந்த உருப்படி ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தது. நம் மிச்ர சாபுவைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது.

இவ்வளவு கொண்டாடப்பட்ட படத்தை ஏன் இத்தனை பேர் வெறுத்தார்கள்? எழுந்து போனவர்களின் கட்சியைத் தனித்தனியாகக் கேட்போம்.

சங்கீதக்காரர்களின் புகார்

முதலில் கோபித்துக்கொண்டவர்கள் ஜாஸ் வித்வான்களும் ஜாஸ் ரஸிகர்களும்தான். "இது என்ன ஐயா, சங்கீதப் படமா, குஸ்திப் படமா?" என்று கேட்டார்கள். ஜாஸ் என்பது கூடி வாசிக்கிற சங்கீதம். ஒருவர் வாசிப்பதை மற்றவர் காதால் வாங்கி, அதற்குப் பதில் சொல்லி, சிரித்து, சீண்டி, சேர்ந்து வளர்ப்பது. இந்தப் படத்தில் யாரும் யாருடைய வாசிப்பையும் கேட்பதில்லை. வேகம், வேகம், இன்னும் வேகம்; அவ்வளவுதான்! 'வெதர் ரிப்போர்ட்' குழுவில் வாசித்துப் பெயர் பெற்ற டிரம்ஸ் கலைஞர் பீட்டர் எர்ஸ்கினும் இப்படிக் குறைப்பட்டுக்கொண்டவர்களில் ஒருவர். சங்கீதம் வாசிப்பதில் இருக்கிற சந்தோஷம் படத்தில் எங்கே என்பது அவருடைய கேள்வி.

ஒரு வேடிக்கை பாருங்கள். படத்தில் பையன் தெய்வமாகக் கொண்டாடுகிறவர் பட்டி ரிச் என்ற பெரிய டிரம்ஸ் வித்வான். அவர் படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு சாதகம் செய்கிறான். அந்தப் பட்டி ரிச் நிஜத்தில் எந்தக் கல்லூரியில், எந்த வாத்தியாரிடம் படித்தார் தெரியுமா? யாரிடமும் படிக்கவில்லை! பால்யத்திலேயே மேடையேறித் தானாகவே கற்றுக்கொண்டவர். இசைக் குறிப்பைப் பார்த்து வாசிக்கிற பழக்கம்கூட அவருக்குக் கிடையாது. தம் கோஷ்டியாரிடம் அவர் கண்டபடி சத்தம் போடுவார் என்பதற்கு ஒலிநாடாச் சாட்சியம் உண்டு. அது வேறு விஷயம். ஆனால் யாரும் நாற்காலி எறிந்து அவரைப் பட்டி ரிச் ஆக்கவில்லை.

எறிந்த தட்டு எங்கே விழுந்தது?

இரண்டாவது புகார் இன்னும் சுவாரஸ்யமானது. படத்தில் வாத்தியார் தம் கொடுமைக்கு ஒரு நியாயம் சொல்கிறார். சார்லி பார்க்கர் என்று ஒரு மேதை. ஸாக்ஸபோன் வாசிப்பில் யுகபுருஷர். அவர் பிள்ளைப் பருவத்தில் ஒரு நாள் தப்பாக வாசித்தபோது, ஜோ ஜோன்ஸ் என்ற டிரம்ஸ்காரர் வெண்கலத் தட்டை எடுத்து அவர் தலைக்கு எறிந்தாராம். கழுத்துத் தப்பியது தம்பிரான் புண்ணியம். பையன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் வெறியாகச் சாதகம் செய்து மேதையாகத் திரும்பி வந்தானாம். தட்டு எறியாமல், பரவாயில்லை தம்பி என்று சொல்லியிருந்தால் உலகத்துக்குப் பார்க்கர் கிடைத்திருக்க மாட்டார் என்பது வாத்தியாரின் வாதம்.

'நியூயார்க்கர்' பத்திரிகையின் விமரிசகர் ரிச்சர்ட் பிராடி 2014-லேயே இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார். நடந்தது என்ன? 1936-ம் வருஷம் கான்ஸஸ் நகரத்தில் ரீனோ கிளப் என்ற இடத்தில் பெரிய வித்வான்களுடன் வாசிக்கப் போனான், பதினைந்து வயதுப் பார்க்கர். வாசிப்பில் தடுமாறினான். ஜோ ஜோன்ஸ் தட்டைக் கழற்றித் தரையில், அவன் காலடியில் போட்டார். 'டமார்' என்று ஒரு சத்தம். சபையில் ஒரு சிரிப்பு. இறங்கு, போதும் என்று அர்த்தம். அவமானம்தான், ஆனால் கொலைமுயற்சி அல்ல!

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அடுத்த கோடைக்காலத்தில், 1937-ல், பார்க்கர் ஓஸார்க் மலைப்பக்கத்தில் ஒரு சிறு கோஷ்டியோடு வாசிக்கப் போனான். லெஸ்டர் யங் என்ற வித்வானின் இசைத்தட்டுகளைக் கூடவே எடுத்துப் போனான். அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். கூட இருந்தவர்களிடம் சுரச் சேர்க்கையின் நுட்பங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். ஊர் திரும்பிய பிறகு பஸ்டர் ஸ்மித் என்ற மூத்த வித்வான் அவனைத் தம் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டு வழிகாட்டினார். இவ்வளவுக்கும் முன்னால், அவனுக்கு ஸாக்ஸபோன் வாங்கிக் கொடுத்தது யார்? இரவு வேலை பார்த்துப் பிள்ளையைக் காப்பாற்றிய அவன் தாயார்!

இசைத்தட்டு, தோழர்கள், மூத்தவரின் ஆதரவு, அம்மா வாங்கித் தந்த வாத்தியம்: இத்தனையையும் விட்டுவிட்டு, எறிந்த தட்டு ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டால் எப்படி? சமையல் பிரமாதமாக அமைந்ததற்குக் காரணம், நடுவில் கரண்டி கீழே விழுந்ததுதான் என்று சொல்வது போலில்லையா?

பார்க்கரின் முடிவையும் மறந்துவிடக் கூடாது. போதை மருந்துக்கு அடிமையாகி 1955-ல் அவர் இறந்தபோது வயது 34. உடலைப் பரிசோதித்த டாக்டர் ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று நினைத்தாராம்.

வராத தாய்

மூன்றாவது புகார்தான் எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் சொன்ன புகார் அது.

படத்தின் நடுவில் வாத்தியார் ஒரு நாள் கண்ணீர் விடுகிறார். தம் பழைய மாணவன் ஒருவன் கார் விபத்தில் இறந்துபோனான் என்று சொல்லி, அவன் வாசித்த இசைத்தட்டை வகுப்பில் போடுகிறார். பார்க்கிற நமக்கு, இவருக்கும் இருதயம் இருக்கிறதே என்று தோன்றுகிறது. பின்னால் ஒரு வக்கீல் வந்து உண்மையைச் சொல்கிறாள். விபத்து ஒன்றும் இல்லை. அந்தப் பையன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். இந்த வாத்தியாரிடம் படித்த நாளிலிருந்து மனம் நொந்து, பயந்து, பயந்தே நாசமாகியிருக்கிறான். அவன் பெற்றோர் பணம் கேட்கவில்லை, பழி கேட்கவில்லை. வேறு எந்தப் பிள்ளைக்கும் இந்த ஆள் இப்படிச் செய்யக் கூடாது என்று மட்டும் கேட்கிறார்கள்.

இவ்வளவு பெரிய விஷயத்தைப் படம் சில நிமிஷங்களில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது. பிறகு வருகிறது அந்தக் கடைசி வாசிப்பு. அந்த ஆரவாரத்தில் இறந்த பையன் ரஸிகர்களின் ஞாபகத்திலிருந்து நழுவிவிடுகிறான். வெளியே வரும்போது, அடித்தாலும் வித்தை வந்துவிட்டதே என்ற எண்ணம்தான் பலருக்கு மிஞ்சுகிறது. இதைத்தான் எதிர்க்கட்சியார் சகிக்கவில்லை.

இதைக் கற்பனைக் கதைதானே என்று தள்ளிவிடவும் வழியில்லை. சங்கீதக் கல்வியில் வகுப்பறைக் கதவு மூடியிருக்கும். உள்ளே ஒரு வாத்தியார், ஒரு பிள்ளை. அவர் சொல்தான் எதிர்காலம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துப் பிரபல இசைப் பள்ளியில் இயக்குநராக இருந்த ஒருவர், முன்னாள் மாணவியிடம் முறைகேடாக நடந்துகொண்ட குற்றத்துக்காக 2013-ல் சிறைக்குப் போனார். பிறகு அந்த நாட்டு அரசு அமைத்த விசாரணைக் குழு, விடுதியுடன் கூடிய இசைப் பள்ளிகளைப் பற்றி 2019-ல் தனியாகவே சாட்சியம் கேட்டது. புகழ் பெற்ற ஆசிரியருக்கு மாணவர் மேல் இருக்கிற அதிகாரம் எவ்வளவு அபாயமானது என்பது அதில் வெளிப்பட்டது. பெரிய வித்வான் ஆயிற்றே என்று வாய் மூடி இருந்தவர்கள் எத்தனை பேர்!

பெண்கள் எங்கே?

பெண்களின் தரப்பிலிருந்தும் ஒரு முறையீடு உண்டு. படத்தில் தாய் இல்லை, ஓடிப்போய்விட்டாள். காதலிக்கு நாலைந்து ஸீன்தான். அவளையும் பையன் அனுப்பிவிடுகிறான். ஆரம்பத்தில் வாத்தியார் ஒரு வகுப்பில் நுழைந்து ஒவ்வொருவரையும் சோதிக்கும்போது, முதல் இடத்தில் ஸாக்ஸபோனுடன் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து, அழகாக இருப்பதால்தான் இந்த இடம் கொடுத்தார்களா, பார்க்கலாம் என்று பரிகாசம் செய்கிறார். இரண்டு சுரம் வாசிப்பதற்குள் நிறுத்திவிடுகிறார். அவ்வளவுதான்; அந்தப் பெண் போன இடம் தெரியவில்லை.

கையில் ரத்தம் வருகிற வரையில் வாசிப்பதற்கு ஒருவனுக்கு நேரம் வேண்டுமென்றால், அவன் சட்டையை வேறொருவர் துவைக்க வேண்டும், சாப்பாட்டை வேறொருவர் வைக்க வேண்டும். மேதைகளைப் பற்றிப் படம் எடுக்கிறவர்கள் இந்த வேறொருவரை மறந்துவிடுவது வழக்கமாகப் போய்விட்டது.

டைரக்டர் என்ன சொல்கிறார்?

ஷஸல் வேண்டுமென்றே கொடுமைக்கு வக்காலத்து வாங்கினாரா? அப்படிச் சொல்ல முடியாது. பள்ளி நாட்களில் அவரே ஜாஸ் கோஷ்டியில் டிரம்ஸ் வாசித்தவர். கண்டிப்பான ஆசிரியரிடம் நடுங்கி நடுங்கி வாசித்த அனுபவம்தான் கதைக்கு வித்து. ஆனால் நிஜ ஆசிரியரை அப்படியே எழுதவில்லை, படத்து வாத்தியாரைப் பல மடங்கு கொடியவராக்கினேன் என்று சொல்லியிருக்கிறார். கடைசிக் காட்சிக்குப் பிறகு என்ன ஆகும் என்று கேட்டதற்கும் அவர் இனிப்பான பதில் சொல்லவில்லை. வாத்தியார் தாமே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருப்பார். பையன் உள்ளே ஒன்றுமில்லாத கூடாகி, முப்பதுகளிலேயே போதை மருந்தால் செத்துப்போவான் என்பதுதான் அவருடைய ஊகம்.

படத்தை உற்றுப் பார்த்தால் இதற்கு ஆதாரம் உண்டு. கடைசி வாசிப்பின்போது மேடைக் கதவின் இடுக்கு வழியாகத் தகப்பனார் பார்க்கிறார். அந்த முகத்தில் பெருமை இல்லை, திகில்தான் இருக்கிறது. தம் பிள்ளை தமக்கு இல்லாமல் போய்விட்டான் என்று தெரிந்துகொண்ட முகம் அது. எழுந்து போன ரஸிகர்களின் பிரதிநிதியாக அந்தத் தகப்பனாரைப் படத்துக்குள்ளேயே டைரக்டர் நிறுத்தி வைத்திருக்கிறார். ஆனால் டிரம்ஸ் சத்தத்தில் அந்த முகத்தை எத்தனை பேர் பார்த்தார்கள்?

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். ஒத்திகையில் யாரோ சுருதி பிசகி வாசிக்கிறார்கள் என்று வாத்தியார் கோஷ்டியை நிறுத்துகிறார். பயந்த சுபாவமுள்ள ஒரு பையன் முன்னால் போய் நின்று, நீதானே, நீதானே என்று உறுமுகிறார். அவன் நடுங்கிப்போய், ஆமாம் நான்தான் என்கிறான். வெளியே துரத்திவிடுகிறார். அவன் போன பிறகு அலட்சியமாகச் சொல்கிறார்: சுருதி பிசகியவன் அவன் அல்லவாம், பக்கத்தில் இருந்தவனாம். தன் சுருதி சரிதான் என்று அவனுக்கே தெரியவில்லையே, அது போதாதா குற்றம் என்கிறார்!

சகோதரிகளே, இந்த ஒரு காட்சி போதும். பயம் ஒரு பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். சரியாக வாசித்தவனே தான் தப்பாக வாசித்ததாக நம்பிவிடுகிறான். சங்கீதத்துக்கு மூலதனமே காதுதான். அந்தக் காதின் மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கையை வாத்தியார் பறித்துவிட்டார். பிறகு என்ன சங்கீதம் வரும்?

வாத்தியாரின் ஐந்தொகை

வாத்தியாரின் முறைக்குப் பலன் என்ன என்பதை அவர் வாயாலேயே தெரிந்துகொள்ளலாம். வேலை போன பிறகு பையனிடம் ஒப்புக்கொள்கிறார்: இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு சார்லி பார்க்கர் கிடைக்கவில்லை; ஆனால் முயற்சி செய்தேன் என்கிறார். அப்படி அடித்தால் வரப்போகிற பார்க்கரும் மனம் விட்டு ஓடிவிட மாட்டானா என்று பையன் கேட்கிறான். நிஜப் பார்க்கர் ஒரு நாளும் ஓடமாட்டான் என்கிறார் வாத்தியார்.

எவ்வளவு சௌகரியமான வாதம்! ஓடிவிட்டால் அவன் மேதை அல்ல. நின்றுவிட்டால் நான் அடித்ததால் மேதை. எப்படிப் போட்டாலும் வாத்தியாருக்குத்தான் வெற்றி. வரவில் பூஜ்யம், செலவில் ஓர் உயிர். இந்தக் கணக்கை நம் வீட்டு மளிகைக் கணக்கில் எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா?

கண்டிப்பு வேறு, கொடுமை வேறு

"அப்படியானால் கொஞ்சிக் கொஞ்சிக் கற்றுக் கொடுத்தால் வித்தை வந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். வராதுதான். எனக்கு வாதாட உதவிக்கு வருகிறவர் ஒரு பெண்மணி: பாரிஸ் நகரத்து நாதியா புலான்ஷே.

1887-ல் பிறந்து 1979 வரை வாழ்ந்த இந்த அம்மையாரிடம் படிக்காத பெரிய இசையமைப்பாளர்களை எண்ணுவது சுலபம். அமெரிக்காவின் ஆரன் கோப்லண்ட், ஜாஸ் உலகத்தின் குயின்ஸி ஜோன்ஸ் எல்லோரும் அவர் சீடர்கள். கண்டிப்பு என்றால் மகா கண்டிப்பு. பயிற்சியில் ஒரு சிறு பிழையையும் விடமாட்டார்.

1954-ல் அர்ஜென்டினாவிலிருந்து ஆஸ்டர் பியஸ்ஸோல்லா என்ற இளைஞர் அவரிடம் வந்தார். தாம் எழுதிய பெரிய பெரிய சாஸ்திரீய இசைக் கட்டுகளைக் காட்டினார். அம்மையார் புரட்டிப் பார்த்தார். நன்றாக எழுதியிருக்கிறீர், ஆனால் இதில் நீர் எங்கே இருக்கிறீர் என்பது போல் விசாரித்தார். ஊரில் என்ன வாசித்தீர் என்று துருவிக் கேட்டார். இளைஞருக்கு வெட்கம். ஊரில் நடன விடுதிகளில் டாங்கோ வாசித்தவர் அவர்; அதைச் சொல்ல நாக்குக் கூசியது. கடைசியில் ஒரு டாங்கோவை வாசித்துக் காட்டினார். அம்மையார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இதுதான் உம்முடைய சங்கீதம், இதை ஒரு நாளும் விடாதீர் என்றார். டாங்கோ இசையையே புதிதாகச் செய்த மேதை அன்று பிறந்தார்.

பிளெட்சரும் மாணவனின் அந்தரங்கத்தைக் கேட்டறிந்தார். புலான்ஷே அம்மையாரும் கேட்டறிந்தார். ஒருவர் அதைக் கொண்டு அடித்தார். மற்றவர் அதைக் கொண்டு வழி காட்டினார். கண்டிப்புக்கும் கொடுமைக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கண்டிப்பான ஆசிரியர் பிழையைத் திருத்துகிறார். கொடிய ஆசிரியர் பிள்ளையையே பிழை என்கிறார்.

ஜப்பானில் ஷினிச்சி ஸுஸுகி என்ற வயலின் ஆசிரியர் 1946 முதல் மட்ஸுமோட்டோ நகரத்தில் குழந்தைகளுக்குக் கற்றுக் கொடுத்தார். எல்லாக் குழந்தையும் தாய்மொழியைத் தப்பில்லாமல் பேசக் கற்றுக்கொள்கிறதே, யார் அடித்தார்கள் என்பது அவர் கேள்வி. அவர் முறையில் முதல் பாடம் குழந்தைக்கு அல்ல, அம்மாவுக்கு! அம்மா வயலினைக் கையில் எடுத்தால் குழந்தை தானே வந்து கேட்கும் என்றார். வகுப்பிலும் அம்மா கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே மூடிய கதவுக்கு இடமில்லை.

நமக்கு என்ன பாடம்?

நம் வீட்டுக் குழந்தைகளும் பாட்டும் வீணையும் மிருதங்கமும் பரதமும் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். கண்டிப்பான வாத்தியாராகப் பார்த்துச் சேர்க்கவேண்டும் என்பதில் நமக்கு அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் வகுப்பு முடிந்து வருகிற குழந்தையின் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். தப்பு வந்துவிட்டது, நாளைக்குச் சரி செய்துவிடுவேன் என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தால் கவலை வேண்டாம். நான் எதற்கும் லாயக்கில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தால் அடுத்த வகுப்புக்கு நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். உட்காரக் கூடாது என்று சொல்கிற வகுப்பானால், குழந்தையும் அங்கே உட்கார வேண்டியதில்லை.

'விப்லாஷ்' படத்தைப் பார்க்கலாமா, கூடாதா? பெரியவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். நடிப்புக்காகவும் தாளத்துக்காகவும் பார்க்க வேண்டிய படம்தான். குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிற படம் அல்ல. பாதியில் எழுந்து போகத் தோன்றினால் வெட்கப்பட வேண்டாம்; ரஸனைக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மனசு சரியான சுருதியில் இருக்கிறது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

கடைசியாக ஒரு சேதி. இந்தப் பயங்கர வாத்தியாராக நடித்த ஸிம்மன்ஸ், நிஜ வாழ்க்கையில் ஒரு சங்கீத ஆசிரியரின் பிள்ளை. தாமும் சர்வகலாசாலையில் சங்கீதம் படித்தவர். 2015-ல் ஆஸ்கார் மேடையில் பரிசை வாங்கிக்கொண்டு அவர் என்ன பேசினார் தெரியுமா? மனைவிக்கும் குழந்தைகளுக்கும் நன்றி சொன்னார். பிறகு உலகத்தைப் பார்த்து, உங்கள் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள், அப்பாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எழுதி அனுப்பாதீர்கள், டெலிபோனில் பேசுங்கள். அவர்கள் பேசுகிற வரைக்கும் காது கொடுத்துக் கேளுங்கள் என்றார்.

இதை அடுத்த வீட்டு அம்மாளிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்தார். "அப்படியானால் அந்த மனுஷரை மன்னித்துவிட்டேன், வாத்தியாரைத்தான் மன்னிக்கவில்லை" என்றார்.

உள்ளேயிருந்து வயலின் சத்தம் கேட்டது. சுருதி கொஞ்சம் பிசகித்தான் இருந்தது. அம்மாள் எழுந்து உள்ளே போனார். இந்தத் தடவை சமையலறைக்கு அல்ல.